மோஹண்டில் சிவாலிக் அடுக்குகளை வாசிப்பது எப்படி?

சஹாரன்பூரிலிருந்து டேராடூன் போகும் வழியில், சமவெளி முடிந்து சிவாலிக் மலை தொடங்கும் இடம் மோஹண்ட். மலை எழுவதையும் ஆறு பள்ளத்தை நிரப்புவதையும் நிலவியல் மாணவர்களுக்கு ஒருசேரக் காட்ட, இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியாது.

போகுமுன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இமயமலையின் பாரத்தால், இந்தியாவைத் தாங்கும் புவியோட்டுப் பாளமான இந்தியத் தட்டு அடிவாரத்தில் கீழே வளைகிறது. அந்தப் பள்ளத்தில் ஆறுகள் கொட்டிய வண்டல்தான் கங்கைச் சமவெளி. மலையோரத்தில் அது சில கிலோமீட்டர் ஆழம். தெற்கே போகப்போகக் குறைந்து, பண்டேல்கண்டில் அடியிலுள்ள கிரானைட்டே தலைகாட்டுகிறது. தட்டுகள் மோதுவதால் வரும் நெருக்கம் தெற்கே பரவப் பரவ, பழைய பள்ளத்தின் ஓரமும் உந்தப்பட்டு மேலே வந்தது. அதுதான் சிவாலிக்.

நவம்பருக்குப் பிறகு போங்கள். அங்கே 'ராவ்' எனப்படும் காட்டாறுகள் மழைக்காலத்தில் நொடியில் பெருகும். ராஜாஜி புலிகள் காப்பகத்தை ஒட்டிய காடு, யானையும் உண்டு. வனத்துறையிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். அளவுநாடா, கைலென்ஸ், சாய்வுமானி போதும்.

தெற்கிலிருந்து வடக்கே நடங்கள். அடுக்குகள் வடக்கே சாய்ந்திருப்பதால், நடக்க நடக்க இளைய பாறை வரும். முதலில் தடித்த சாம்பல்நிற மணற்பாறை: பெரிய ஆறுகளின் படுகை. இடையே வரும் களிமண் பட்டையில் சுக்கான் கல் (சுண்ணாம்பு முடிச்சு) இருந்தால், அந்த நிலம் வெள்ளத்துக்கு எட்டாமல் நெடுங்காலம் கிடந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் கூழாங்கற்கள் வரிவரியாகத் தொடங்கி, கடைசியில் செங்குத்துச் சுவர் முழுக்கச் சரளையாகிவிடும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆகப் பெரிய பத்துக் கற்களின் நீளத்தை அளந்து எழுதுங்கள். நூறு படங்களைவிட இந்தப் பட்டியல் மேல்; மலை நெருங்க நெருங்க ஆறு கொட்டும் கல் பெரிதாகும். ஆனால் ஒரே அடுக்கில் கல் பெருத்ததும் "மலை நெருங்கிவிட்டது" என்று முடிவுகட்டாதீர்கள். ஆறு தடம் மாறினாலும் அப்படித்தான் ஆகும். 2008 ஆகஸ்டில் நேபாளத்தின் குசஹாவில் கரை உடைந்து, கோசி ஆறு சுமார் 120 கிலோமீட்டர் கிழக்கே ஓடியதே! மொத்தச் சுவரும் மேலே போகப்போகப் பருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது நீரோட்டத்தின் திசை. தட்டைக் கற்கள் கூரை ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும்; அவை சரியும் பக்கம்தான் ஆறு வந்த திசை. மாணவர்கள் குழம்புவது இங்கேதான். அடுக்கின் சாய்வு பின்னால் மலை உந்தியதால் வந்தது, கல்லின் சாய்வு ஆறு செய்தது. முதலில் அடுக்கை அளந்து, மனதுக்குள் அதைக் கிடையாக்கிவிட்டுக் கல்லைப் பாருங்கள். தெற்கே ஓடிய ஆறென்றால், கல் அடுக்கைவிடச் செங்குத்தாக வடக்கே சரிந்திருக்கும்.

ராவின் மணலில் கிடக்கும் உருண்டைக் கல்லை மட்டும் நம்பாதீர்கள். இத்தனை சின்ன ஓடை அதை அப்படி உருட்டியிருக்காது. பழைய ஆறு உருட்டிச் சரளைச் சுவரில் புதைத்த கல்தான், சுவர் உதிர்ந்து மறுபடி பயணம் போகிறது.

நேரமிருந்தால் டாட்காளி சுரங்கப்பாதையைத் தாண்டி டூன் பள்ளத்தாக்கையும் பாருங்கள். சிவாலிக் குறுக்கே எழுந்ததால் அங்கே நீர் நேராகத் தெற்கே இறங்க முடியவில்லை. ஆசன் மேற்கே திரும்பி யமுனைக்கும், சோங் கிழக்கே கங்கைக்கும் போகின்றன. வரைபடத்தில் இரண்டையும் விரலால் தொடர்ந்து பாருங்கள்.