சிங்கப்பூர் – நியூயார்க்: பறக்கும் தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடலாம்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தைக் கண்டுபிடிக்க ஒரு சயின்டிபிக் கால்குலேட்டர் போதும். நடுவில் எங்கும் நிற்காமல் பறக்கும் தடங்களில் மிக நீண்டவற்றுள் ஒன்றான சிங்கப்பூர் சாங்கி – நியூயார்க் கென்னடி தடத்தையே போட்டுப் பார்ப்போம்.

படி 1: அட்சரேகை, தீர்க்கரேகை

கூகுள் மேப்ஸில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் கிடைக்கும். சாங்கிக்கு 1.36, 103.99. கென்னடிக்கு 40.64, −73.78. மேற்குத் தீர்க்கரேகைக்கும் தெற்கு அட்சரேகைக்கும் மைனஸ் குறி கட்டாயம். அதை விட்டால் உங்கள் நியூயார்க் கிர்கிஸ்தானில் போய் நிற்கும்!

தீர்க்கரேகைகளின் வித்தியாசம்: 103.99 + 73.78 = 177.77.

படி 2: கோணம்

கால்குலேட்டர் ரேடியனில் இல்லாமல் டிகிரியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் இதைப் போடுங்கள்:

சைன் 1.36 × சைன் 40.64 + கோசைன் 1.36 × கோசைன் 40.64 × கோசைன் 177.77

0.01546 − 0.75803 = −0.74257 என்று வரும். இதற்கு நேர்மாறு கோசைன் எடுத்தால் 137.95 டிகிரி.

படி 3: கிலோமீட்டர்

பூமியின் மேல் ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய 111.2 கி.மீ. பெருக்கினால் 15,340 கி.மீ. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதால், துல்லியமான கணக்கில் சில கிலோமீட்டர்கள் மாறும். கவலை வேண்டாம்.

படி 4: பறக்கும் நேரம்

பெரிய ஜெட் விமானங்கள் மணிக்கு சுமார் 900 கி.மீ. வேகத்தில் போகும். 15,340 ÷ 900 என்றால் 17 மணி நேரம். ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்தால் பதினேழரை. ஆனால் கால அட்டவணையில் 18 மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள். ஏன்?

நாம் கணக்கிட்ட மிகக் குறுகிய பாதை சாங்கியிலிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே கிளம்பி, வட துருவத்தை ஒட்டிப் போகிறது. நியூயார்க் போகும் விமானங்களோ பெரும்பாலும் பசிபிக் கடலைக் கடந்து போகின்றன. தூரம் கூடினாலும், மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும். இந்தக் காற்றின் பலத்தை லண்டன் – நியூயார்க் தடத்தில் நன்றாகப் பார்க்கலாம்: போக சுமார் 8 மணி நேரம், திரும்பி வர 7 தான். அதனால் உங்கள் விடையில் ஒரு மணி நேரம் கூடக் குறைய இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: இறங்கும்போது மணி என்ன?

சிங்கப்பூரைவிட நியூயார்க் கோடையில் 12 மணி நேரமும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் பின்தங்கியிருக்கும். கோடையில் இரவு 11.50க்குக் கிளம்பி பதினெட்டரை மணி நேரம் பறந்தால், சிங்கப்பூரில் மறுநாள் மாலை 6.20. அதில் 12 மணி நேரத்தைக் கழித்தால் நியூயார்க்கில் அதே நாள் காலை 6.20. குளிர்காலம் என்றால் 5.20. அழைத்துப்போக வருபவரிடம் அந்த ஊர் நேரத்தையே சொல்லுங்கள்.