பிரேஸைக் குறை சொல்வதற்கு முன்

போன மாதம் ஒரு தம்பி தன் கையால் செய்த முதல் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு சேலத்தில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். ஒலித்துளைக்கும் கம்பிகளைக் கட்டும் கட்டையான பிரிட்ஜுக்கும் நடுவே டாப், அதாவது முன்பலகை, குழிந்திருந்தது. கம்பிகள் ஃப்ரெட்டில் உரசி இரைந்தன.

"எக்ஸ் பிரேஸ் பழசுன்னு லேட்டிஸ் போட்டேன்ணா. அது சரியில்ல போல."

பிரேஸ் என்பது டாப்புக்கு அடியில் பலம் கொடுக்க ஒட்டும் மரச்சட்டம். எக்ஸ் வடிவில் ஒட்டுவது வழக்கம், கட்டம் கட்டமாக ஒட்டினால் லேட்டிஸ்.

"எங்கப்பா ஒட்டுனே? எந்த மாசம்?"

ஏற்காட்டில், மாமா வீட்டில், ஐப்பசியில். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே ஊரில், அதே மாதத்தில் நானும் ஒட்டியவன்தான்.

பசை காயும் முன் கிளாம்பைக் கழற்றுவது, உளியைக் கைக்கு நேராகத் தள்ளுவது எல்லாம் ஒரு தடவை பட்டால் தானாகப் புரியும். பட்டும் புரியாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒரே கிட்டாரில் நாலு மாற்றம்

பிரேஸும் புதுசு, உடலின் ஆழமும் புதுசு, மரமும் புதுசு என்றால் எதற்கு எது காரணம் என்று யார் சொல்வது? ஸ்பெயினின் அந்தோனியோ தோரஸ் 1862இல் பின்பலகையையும் பக்கங்களையும் காகித அட்டையில் செய்து ஒரு கிட்டார் கட்டினார். டாப்பை மட்டும் வழக்கம்போல் நல்ல மரத்தில் வைத்தார். ஒலிக்கு டாப்தான் முக்கியம் என்று காட்ட அது போதும்.

மழையில் ஒட்டி, வெயிலில் தீர்ப்பு சொல்வது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

அப்போது ஏற்காட்டில், காபி உலர்த்தும் களத்தை ஒட்டிய தகரக் கூரை அறைதான் என் பட்டறை. இரண்டு கிட்டார் கட்டினேன். ஒரே அச்சு, டாப்புக்கு ஒரே ஸ்புரூஸ் மரம். ஒன்றில் வழக்கமான எக்ஸ். இன்னொன்றில் எக்ஸ் குறுக்கிடும் இடத்தை ஒலித்துளைப் பக்கமாக 20 மில்லிமீட்டர் நகர்த்தினேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் தராசு மாதிரி ஒன்று வாங்கி, பிரேஸ் ஒவ்வொன்றையும் கிராம் கணக்கில் நிறுத்தேன். அவ்வளவு கவனம்! ஆனால் முதலாவதை ஜன்னல் வழியே பனி உள்ளே வரும் ஐப்பசியில் ஒட்டினேன். இரண்டாவதை மாசியில், அம்மாபேட்டையில் அப்பா வீட்டு மாடியில்.

இரண்டாவது கணீரென்று பேசியது. முதலாவது கம்பளி போர்த்தியது மாதிரி. எக்ஸை நகர்த்தியதுதான் காரணம் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அதே அமைப்பில் மூன்று கிட்டாருக்கு ஆர்டரும் பிடித்தேன். அந்த மூன்றையும் ஒட்டியது எங்கே? மறுபடியும் ஏற்காட்டில், மழையில்.

சித்திரையில் ஒரு ராத்திரி, சேலத்து வீட்டில் சுவரில் மாட்டியிருந்த முதல் கிட்டார் சொடக்குப் போட்டது மாதிரி ஒரு சத்தம் கொடுத்தது. பிரிட்ஜுக்குக் கீழே ஒரு சாண் விரிசல். அடுத்த மாதத்துக்குள் ஆர்டர் கிட்டார்களில் இரண்டு திரும்பி வந்தன. வாங்கிய பணத்தை எண்ணிக் கொடுத்தேன். மரக்காசு, பசைக்காசு, ஆறு மாத உழைப்பு எல்லாம் என் கணக்கில்.

நடந்தது இதுதான். மரம் நீளவாக்கில் சுருங்குவது இல்லையென்றே சொல்லலாம், சுருங்குவதெல்லாம் அகலவாக்கில். டாப்பின் ரேகை கிட்டாரின் நீளத்துக்கு ஓடும், பிரேஸ்கள் அதைக் குறுக்கே கடக்கும். மரத்தின் ஈரம் 16 சதவீதத்திலிருந்து 8க்கு இறங்கினால், 400 மில்லிமீட்டர் அகல ஸ்புரூஸ் டாப் 5 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். பிரேஸ் விடாது. முதலில் டாப்பின் மெல்லிய மேடு தட்டையாகும், அப்புறம் குழியும், கடைசியில் கிழியும். 1500 மீட்டர் உயரத்துப் பனியில் ஒட்டியதை 20 கொண்டை ஊசி வளைவு இறக்கி சேலத்து வெயிலில் வைத்தால் வேறென்ன ஆகும்?

விரிசலைவிட என்னைக் கடுப்பேற்றியது வேறு. ஈரம் குடித்த மரம் கனக்கும், ஒலியை விழுங்கும். ஆக, நான் ஒப்பிட்டது இரண்டு பிரேசிங்கை அல்ல, ஐப்பசியையும் மாசியையும். அந்த 20 மில்லிமீட்டர் என்ன செய்தது என்று அந்த ஜோடியை வைத்து எதுவுமே சொல்ல முடியாது.

இப்போது ஒட்டும் அறையில் காற்றின் ஈரப்பதம் 45க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் இல்லாவிட்டால் பசை டப்பாவைத் திறப்பதில்லை. மழைக்காலத்தில் மூடிய அலமாரிக்குள் ஒரு 60 வாட் குண்டு பல்பு. பலகையைத் தினமும் அதே கொலுசுத் தராசில் வைப்பேன். எடை நாலைந்து நாள் அசையாமல் நின்றால்தான் மரம் தயார். ஈரப்பதமானியையும் அப்படியே நம்பாதீர்கள். ஒரு மூடியில் ஈர உப்பு வைத்து, அதோடு சேர்த்து டப்பாவில் அடைத்து ஒரு நாள் விடுங்கள். 75 காட்ட வேண்டும். என்னிடம் இருந்த ஒன்று 62 காட்டியது.

உயரத்தில் கை வைப்பது

பிரேஸின் அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பு பாதியாகும். உயரத்தைப் பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். 12 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் சீவினாலும் விறைப்பில் ஏறக்குறைய கால்வாசி போய்விடும். இரும்புக் கம்பிகள் இழுப்பது 70 கிலோ சொச்சம். தட்டிப் பார்க்க நன்றாக இருக்கிறதே என்று இன்னும் ஒரு சீவல் சீவும்போது இந்தக் கணக்கு ஞாபகம் இருக்கட்டும். சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

உடலை ஆழமாக்கி, துளையை மறப்பது

உள்ளிருக்கும் காற்றும் துளையும் ஜோடி. அறை பெரிதானால் காற்றின் சுருதி இறங்கும், துளை பெரிதானால் ஏறும்.

தோட்டத்து சில்வர் ஓக்கில் பிரேஸ்

வேண்டாம். காபிக்கு நிழல் தரும் அந்த மரத்தில் மிளகுக்கொடி ஏறட்டும்.

அந்தத் தம்பியின் கிட்டாரை இன்னும் பிரிக்கவில்லை. துளை போட்ட சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்து, கிட்டாரோடு பெட்டியில் மூடி வைத்திருக்கிறோம். பத்து நாளில் குழி பாதி எழும்பியிருக்கிறது. லேட்டிஸ் நல்லதா கெட்டதா என்று தினமும் போன் போட்டுக் கேட்கிறார். மீதிப் பாதி எழும்பட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.