போவை முழுதாகப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் கதைகளும் கவிதைகளும் ஒன்றாக அடங்கிய தடித்த தொகுப்பை வாங்கிவிட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்கு மகிழ்ச்சிதான். கொஞ்ச நாள் கழித்து விசாரித்தால் பலர் முதல் சில கதைகளோடு நிறுத்தியிருக்கிறார்கள். கடைசிவரை போனவர்களிலும் சிலர் முக்கியமான ஒன்றைத் தவறவிட்டிருக்கிறார்கள். ஆரம்பத்தில் நானும் இடறிய இடங்கள்தான் கீழே வருபவை. பழைய ஆங்கிலம் கடினம், அகராதி பக்கத்தில் இருக்கட்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

முதல் பக்கத்தில் தொடங்குவது

வெளிவந்த வரிசையில் அடுக்கிய பதிப்பென்றால் முதலில் நிற்பது 1832-ல் வந்த 'மெட்சென்கர்ஸ்டைன்'. அதைத் தாண்டியதும் அதே ஆண்டின் நையாண்டிக் கதைகள் வரிசையாக வரும். அன்றைய பத்திரிகைக் கதைகளின் நடையைக் கேலி செய்பவை அவை. அந்தப் பத்திரிகைகளை அறியாதவருக்குச் சிரிப்பும் வராது, பயமும் வராது. இவரையா இத்தனை பேர் கொண்டாடுகிறார்கள் என்று புத்தகத்தை மூடிவிடுவார்கள். 'தி ஃபால் ஆஃப் தி ஹவுஸ் ஆஃப் அஷர்' (1839), 'தி டெல்-டேல் ஹார்ட்' (1843), 'தி காஸ்க் ஆஃப் அமான்டியாடோ' (1846) ஆகியவற்றில் தொடங்குங்கள். நையாண்டிகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே மூச்சில் ஐந்தாறு கதைகள்

வேண்டாம். ஒரு வேளைக்கு ஒன்று.

கதைசொல்லியை நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். (மேலே சொன்ன கதைகளையும் 'லிஜியா'வையும் இன்னும் படிக்காதவர்கள், படித்துவிட்டு இந்தப் பகுதிக்கு வாருங்கள். முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது.)

போவின் பெரிய கதைகளில் பெரும்பாலானவை 'நான்' என்று ஒருவன் சொல்பவை. அதை ஒரு குற்றவாளியின் வாக்குமூலத்தைக் கேட்பதுபோலக் கேட்க வேண்டும். புதியவர்கள் நடந்ததை நடந்தபடி சொல்கிறான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வாசகர் கூட்டத்தில் 'அமான்டியாடோ' பற்றிப் பேச்சு வந்தபோது கல்லூரி மாணவர் ஒருவர், "ஃபார்ச்சுனாட்டோ அவ்வளவு கொடுமை பண்ணியிருக்கானே சார், பழிவாங்கினது நியாயம்தானே?" என்றார். என்ன கொடுமை என்று கேட்டேன். பக்கங்களைப் புரட்டினார், கிடைக்கவில்லை. கதையில் இருந்தால்தானே கிடைக்கும்!

ஆயிரம் தீங்குகளைப் பொறுத்துக்கொண்டேன் என்கிறான் கதைசொல்லி மான்ட்ரெசர், முதல் வரியிலேயே. ஒன்றைக்கூட விவரிப்பதில்லை. ஃபார்ச்சுனாட்டோவோ திருவிழா மாலையில் அவனைக் கண்டதும் அன்பாகப் பேசுகிறான், இருமிக்கொண்டே நிலவறைக்குள் கூடவே இறங்குகிறான். பகையாளி அப்படியா வருவான்? அவனை உயிரோடு சுவருக்குள் அடைத்து ஐம்பது ஆண்டு ஆன பிறகு மான்ட்ரெசர் இதை யாரிடமோ சொல்கிறான். யாரிடம்? இத்தனை காலம் கழித்து ஏன்? எனக்குக் குலைநடுங்குவது இந்த இடத்தில்தான். முதல் வரியை நம்பிவிட்டவருக்கு இந்தக் கேள்விகளே எழாது.

'லிஜியா'வை (1838) எடுத்துக்கொள்ளுங்கள். கதைசொல்லி தன்னை அபினுக்கு அடிமை என்று தானே ஒப்புக்கொள்கிறான். நோயாளியான இரண்டாம் மனைவி ரொவீனாவுக்கு மது எடுத்துவரப் போனவன் அவன். அவள் கிண்ணத்தில் மூன்று நான்கு சிவப்புத் துளிகள் எங்கிருந்தோ விழுந்ததைப் பார்த்தேன், அல்லது பார்த்ததாகக் கனவு கண்டேன் என்கிறான். அதைக் குடித்தவள் இறந்துபோகிறாள். இறந்த முதல் மனைவி திரும்பி வருகிறாள் என்று மட்டும் படித்தால் இது பேய்க்கதை. துளிகளை விட்ட கை யாருடையது என்று நிறுத்திக் கேட்டால் கொலைக்கதை. போ இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறார்.

'அஷர்' கதையிலும் இப்படித்தான். சவப்பெட்டியில் கிடக்கும், வீட்டுக்காரன் ராடரிக்கின் தங்கை மேடலினின் முகத்தில் லேசான சிவப்பையும் உதட்டில் தங்கிய புன்னகையையும் கதைசொல்லி பார்க்கிறான். பார்த்துவிட்டு மூடியைத் திருகி மூட உதவுகிறான்! எல்லோரும் ராடரிக்கை மட்டும் பைத்தியம் என்கிறார்கள். அந்தத் திருகாணிகளை யாரும் கவனிப்பதில்லை.

இதன் அடுத்த கட்டம் இன்னும் கேடானது: அந்த 'நான்' போவேதான் என்று முடிவுகட்டுவது. போ 1849 அக்டோபர் 7 அன்று பால்டிமோரில் இறந்தார். இரண்டே நாளில் நியூயார்க் ட்ரிப்யூனில் 'லுட்விக்' என்ற பெயரில் ஓர் இரங்கல் குறிப்பு வந்தது. இவருக்காக வருந்துவோர் சிலரே என்றது அது. எழுதியவர் ரூஃபஸ் கிரிஸ்வால்ட். பிறகு போவின் எழுத்துகளைத் தொகுத்தவரும் அவரே. தொகுப்போடு சேர்த்த வாழ்க்கைக் குறிப்பில் போவின் கடிதங்களையே மாற்றி எழுதிச் சேர்த்தார். ஆர்தர் ஹாப்சன் குவின் 1941-ல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு மூலக் கடிதங்களோடு ஒப்பிட்டு இதை அம்பலப்படுத்தியது. போவுக்குக் குடிப் பிரச்சினை இருந்தது உண்மை. அதற்காக, பத்திரிகை ஆசிரியராக உழைத்து, வெளிவந்த கதைகளையே மறுபடி மறுபடி திருத்திய ஒரு மனிதரை வெறும் பித்தராக்கி, அவர் கவனமாகச் செதுக்கிய பொய்யர்களை அவருடைய நாட்குறிப்பாகப் படிப்பது பெரிய அநியாயம்.

ஆண்டைப் பார்க்காமல் வாழ்க்கையைப் பொருத்துவது

மனைவி இறந்த துக்கத்தில் 'தி ரேவன்' (அண்டங்காக்கை) கவிதையை எழுதினார் என்று இன்றும் சொல்கிறார்கள். கவிதை வந்தது 1845 ஜனவரியில். வர்ஜீனியா இறந்தது 1847 ஜனவரியில். கவிதை வந்தபோது அவர் காசநோயோடு உயிருடன் இருந்தார்.

'முழுத் தொகுப்பு' என்ற பெயரை நம்பி வாங்குவது

பொருளடக்கத்தில் 'ஆர்தர் கார்டன் பிம்' (1838) இருக்கிறதா என்று பாருங்கள். அவர் முடித்த ஒரே நாவல் அது.

கவிதைகளைத் தனியே ஒதுக்குவது

'தி ஹான்டெட் பேலஸ்' கவிதைப் பகுதியிலும் இருக்கும், 'அஷர்' கதைக்குள்ளும் இருக்கும். ராடரிக் பாடுகிற பாட்டு அது. கதைக்குள் படித்தால்தான் அந்தப் பாழடைந்த அரண்மனை அவனுடைய மனம் என்று புரியும்.

கவிதைகளை வாய்விட்டுப் படியுங்கள். 'ரேவன்' நூற்றியெட்டு வரிகள்தான். 'நெவர்மோர்' (இனி ஒருபோதும் இல்லை) என்ற பறவையின் பதில் திரும்பத் திரும்ப வரும்போது, காதலியை இழந்து அதனிடம் கேள்வி கேட்கும் இளைஞனின் குரலைக் கவனியுங்கள். பறவைக்குத் தெரிந்தது ஒரே சொல் என்று அவனுக்கே தெரியும். தெரிந்துகொண்டே, அந்தப் பதில் தன்னை அதிகம் வதைக்கும் கேள்விகளாகப் பார்த்துக் கேட்கிறான். இந்தக் கவிதையைக் கட்டிய விதத்தைப் பற்றி 1846-ல் எழுதிய கட்டுரையில் போவே இதைச் சொல்கிறார்.