பழைய விமானத்தை விடுதியாக்க விரும்பும் பினாங்கு நில உரிமையாளர்களுக்கு

விமானத்துக்கு விலை பேசுவதற்கு முன், அது வந்துசேர வேண்டிய சாலையை அளந்துவிடுங்கள். போயிங் 737 விமானத்தின் உடற்பகுதி மட்டுமே 3.76 மீட்டர் அகலம் கொண்டது. இறக்கைகளையும் வாலையும் கழற்றினாலும், துன் சார்டோன் சாலையின் வளைவுகளைக் கடந்து பாலேக் பூலாவ் தோட்டங்களுக்கு அதைக் கொண்டுசெல்வது பெரும்பாடு. செபராங் பிறையில் சமதள நிலம் வைத்திருப்பவர்களுக்கே இம்முயற்சி ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

விற்பனைக்கு வரும் விமானத்தில் இயந்திரங்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. உதிரிபாகங்களாக அவற்றுக்கே மதிப்பு அதிகம் என்பதால் முன்பே கழற்றப்பட்டிருக்கும். முன்பக்க எடை இவ்வாறு குறைவதால் வால் தரையில் சாயக்கூடும். எனவே பின்பகுதிக்கு முட்டுக் கொடுக்காமல் எந்த வேலையையும் தொடங்க வேண்டாம். எரிபொருள், ஹைட்ராலிக் எண்ணெய், ஆக்சிஜன் உருளைகள், அவசரச் சறுக்குகளின் வாயு உருளைகள் ஆகியன அகற்றப்பட்டதற்கு எழுத்துவழிச் சான்று கேளுங்கள். பழைய அடிப்பூச்சில் குரோமேட் நச்சு இருக்கலாம் என்பதால், அதைத் தேய்க்கும் தொழிலாளர்களுக்குத் தகுந்த சுவாசக் கவசம் கட்டாயம் வேண்டும்.

நம் ஊரில் உண்மையான எதிரி ஈரம்தான். வானில் பறக்கையில் வெளியே கடுங்குளிரும் உள்ளே வெப்பமும் இருக்கும். தரையில் நிறுத்திக் குளிர்சாதனத்தை இயக்கினால் இது தலைகீழாகி, வெளியிலிருந்து கசியும் ஈரக்காற்று உட்சுவர்ப் பலகைகளின் முதுகில் நீராகப் படியும். ஆகவே பழைய கண்ணாடியிழைப் போர்வைகளை முற்றிலும் அகற்றிவிட்டு, நீர் உறிஞ்சாத நுரைப் பலகையை அலுமினியத் தகட்டோடு இடைவெளியின்றி ஒட்டுங்கள். விமானத்தின் அடிவயிற்றில் சிறு வடிகால் துளைகள் வரிசையாக இருக்கும். பூச்சி வருமென்று அவற்றை அடைத்துவிட்டால் தேங்கும் நீர் சட்டங்களை அரித்துவிடும். துருப்பிடிக்காத மெல்லிய வலை போதுமானது. தாங்கும் எஃகுச் சட்டமும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டால் அரிப்பு விரைவுபடும் என்பதால், இடையில் தடித்த ரப்பர் வைக்க வேண்டும்.

சுவீடனின் ஆர்லண்டா விமான நிலையத்தருகே 2009-இல் திறக்கப்பட்ட விடுதியில், 1976-இல் கட்டப்பட்ட போயிங் 747 பல சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டது. அதன் உள்ளகலம் ஏறத்தாழ 6.1 மீட்டர். 737-இன் உள்ளகலமோ 3.54 மீட்டர்தான், நடைவழி போக மிஞ்சுவதில் கட்டிலுக்கு மேல் அதிக இடமிராது. கோஸ்டாரிக்காவில் ஒரு 727 விமானத்தை இரண்டு படுக்கையறைகள் கொண்ட ஒரே குடிலாக அமைத்ததைப்போல, முழு விமானத்தையும் ஒரு குடும்பத்துக்கே வாடகைக்கு விடுவது நல்லது.

விமானம் தரையில் நிலைபெற்றதும் அது கட்டடமாகவே கருதப்படும் என்று எண்ணித் திட்டமிடுங்கள். 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்கீழ் மாநகர் மன்றத்தின் திட்ட அனுமதி, போம்பா எனும் தீயணைப்பு மீட்புத் துறையின் ஒப்புதல், விடுதி உரிமம் ஆகியவற்றைப் பற்றி, முன்பணம் கட்டுவதற்கு முன்பே வரைபடத்தோடு நேரில் சென்று பேசுவது பணத்தைக் காக்கும். உட்சுவர்களை மூடும் வேலையை மட்டும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான மழையில் கூரையும் சன்னல் விளிம்புகளும் கசியவில்லை என்று பார்த்த பிறகே தொடங்குங்கள்.