விடையைச் சொல்லாமல் நிரல் கற்பிப்பது எப்படி?

கணினி நிரல் எழுதப் பழகும் பிள்ளை தடுமாறி நிற்கும்போது, உதவ வருபவர் விசைப்பலகையைத் தொடக் கூடாது. நாமே திருத்திக் கொடுத்தால் அன்றைய நிரல் ஓடிவிடும். மறுநாள் வேறொரு பிழை வந்தால் பிள்ளை மீண்டும் நம் முகத்தைத்தான் பார்க்கும்.

விடை சரியா என்று பிறரைக் கேளாமல் தானே சரிபார்க்க வேண்டுமானால், கணக்கு பிள்ளைக்குப் பழகியதாக இருக்க வேண்டும். திருவாரூர், மன்னார்குடிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கு நில அளவில் மூன்று மா சேர்ந்தால் ஏறத்தாழ ஓர் ஏக்கர், ஒரு மா சுமார் 33 சென்ட் என்பது வீட்டுப் பேச்சிலேயே தெரிந்திருக்கும். ஆகவே, மாவைச் சென்டாக மாற்றும் சிறு நிரலைப் பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதச் சொல்லுங்கள். விசைப்பலகையில் தட்டுவதை வாங்கும் இன்புட் கட்டளையின் வழியே 5 என்று பெற்று, அதை அப்படியே 33ஆல் பெருக்கினால் 165 வராது. 33 ஐந்துகள் திரையில் வரிசையாக வந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது.

இங்கே அவசரப்படாதீர்கள். “என்ன வரும்னு நெனச்சே தம்பி? என்ன வந்திருக்கு?” என்று மட்டும் கேளுங்கள். அடுத்து, 5க்குப் பதிலாக 12 கொடுத்தால் என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லச் செய்து, பிறகு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு 33 முறை அச்சாவதைக் கண்டதும், கணினி அதை எண்ணாகக் கருதவில்லையோ என்ற ஐயம் பிள்ளைக்கே எழக்கூடும். அந்த ஐயம் எழுந்த பிறகு மதிப்பு எந்த வகை என்று சொல்லும் டைப் கட்டளையைக் காட்டினால், உள்ளே இருப்பது எண்ணல்ல, வெறும் எழுத்துகளின் வரிசையான எழுத்துச் சரம் என்பதைத் தானே உறுதிசெய்துகொள்ளும். இன்ட் கட்டளையால் அதை எண்ணாக்கும் வழியைத் தேடவும் தொடங்கும்.

பிழைச் செய்தி வந்தால், கடைசி வரியை முதலில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிழையின் வகை அங்கேதான் இருக்கும், வரி எண் அதற்குச் சற்று மேலே இருக்கும். தமிழ்வழியில் படித்த பிள்ளை அந்த ஆங்கிலச் சொற்களைக் கண்டு மிரண்டால், பொருளைத் தயங்காமல் சொல்லிக் கொடுங்கள், அது விடையைச் சொல்வதாகாது. விட்டுப்போன முக்காற்புள்ளி (:) போன்ற இலக்கணக் குறைகளையும் நெடுநேரம் தேடவிடுவதில் பயனில்லை. அது எந்த வரியில் என்று காட்டிவிடலாம்.

எதிர்பார்த்தது, வந்தது, முயன்று பார்த்தது ஆகிய மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு உதவி கேட்க வரப் பழக்குங்கள். எழுதும்போதே பலர் காரணத்தைக் கண்டுகொள்வார்கள். அப்படியும் பிடிபடாமல் பிள்ளை சோர்ந்துவிட்டால், முழு நிரலையும் ஒதுக்கிவைத்து, சிக்கல் உள்ள இரண்டு வரிகளை மட்டும் தனியே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.