ஐஸ்லாந்தின் மலைச் சாலைகளில் ஆற்றைக் கடக்க ஏற்ற நேரம்

கோடையில் ஐஸ்லாந்துக்குச் செல்வோரில் பலர், தீவைச் சுற்றி வரும் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளமுள்ள முதலாம் எண் நெடுஞ்சாலையோடு நின்றுவிடாமல், லாண்ட்மன்னலாய்கர், அஸ்க்யா போன்ற எரிமலைப் பகுதிகளையும் காண விரும்புகின்றனர். அங்கே செல்லும் வழிகளில் பெரும்பாலானவை 'எஃப்' என்ற எழுத்துடன் எண்ணிடப்பட்ட மலைச் சாலைகள். பனி உருகி நிலம் உலர்ந்த பிறகே இவை ஒவ்வொன்றாகத் திறக்கப்படும் என்பதால், ஜூன் முற்பகுதியில் போகிறவர்கள் இவற்றை நம்பித் திட்டமிட வேண்டாம். நான்கு சக்கர இயக்கமுள்ள வாகனமும் கட்டாயம் தேவை.

இச்சாலைகளில் பல ஆறுகளுக்குப் பாலம் கிடையாது. பனிப்பாறைகளிலிருந்து வரும் ஆறுகளில் வெயில் ஏற ஏற நீர் பெருகுவதால், காலையில் எளிதாகக் கடந்த ஓடையே பிற்பகலில் வாகனத்தை இழுத்துச் செல்லும் அளவுக்கு வலுத்துவிடக்கூடும். ஆகவே போகும் நேரத்தை மட்டுமன்றி, திரும்பும் நேரத்தையும் இக்கணக்கை வைத்தே முடிவு செய்யுங்கள். ஜூனில் நள்ளிரவிலும் முழுதாக இருட்டாது என்பதால் பொழுது போவதே தெரியாது. மேலும், வாடகை வாகனக் காப்பீடு பொதுவாக ஆற்றுநீரால் ஏற்படும் சேதத்தை ஏற்பதில்லை. தனி வாகனமாகச் சென்று ஆழம் புரியாமல் தயங்கினால், வேறொரு வாகனம் வரும்வரை காத்திருப்பதோ திரும்பிவிடுவதோ மேல்.

ஆற்றில் இறங்கவே மனமில்லாதவர்களுக்கு, லாங்யோகுல், ஹோஃப்ஸ்யோகுல் என்னும் இரு பனிப்பாறைகளுக்கு இடையே செல்லும் கியோலுர் சாலையே என் பரிந்துரை. கரடுமுரடான சரளைப் பாதைதான் என்றாலும், அதன் ஆறுகளுக்குப் பாலங்கள் உண்டு.