டிபி, ஜிபி, எம்பி: கணக்கு எங்கே தப்புகிறது?

திருப்பூரில் பனியன் கம்பெனி குடோனுக்கு கேமரா போடும்போது முதலில் எழும் கேள்வி, "எத்தனை டிபி டிஸ்க் வாங்கோணுமுங்க?" என்பதுதான். இதில் பெருக்கல் யாருக்கும் பெரும்பாலும் தப்பாது. பிட் எது, பைட் எது என்று பிரிக்காமல் பெருக்கத் தொடங்குவதுதான் தப்பு.

கேமரா அனுப்பும் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள். டிஸ்க்கின் கொள்ளளவு பைட்டில் இருக்கும்: ஆயிரம் மெகாபைட் (எம்பி) ஒரு ஜிபி, ஆயிரம் ஜிபி ஒரு டிபி. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 நொடி, ஆக 1,72,800 மெகாபிட். இதை அப்படியே மெகாபைட் என்று எடுத்துக்கொண்டால் ஒரு கேமராவுக்கே நாளுக்கு 172.8 ஜிபி வேண்டியிருக்கும். எட்டு கேமரா, 30 நாள் பதிவு என்றால் 41 டிபியைத் தாண்டிவிடும். அந்த எஸ்டிமேட்டைப் பார்த்ததும், "ஒரு வாரம் இருந்தாப் போதுமுங்க" என்று சொல்லத்தான் தோன்றும்.

எட்டால் வகுத்துப் பாருங்கள். ஒரு கேமராவுக்கு நாளுக்கு 21.6 ஜிபிதான். எட்டுக்கும் சேர்த்து 172.8 ஜிபி, 30 நாளுக்கு 5,184 ஜிபி. ஒரு 6 டிபி டிஸ்க்கில் அடங்கிவிடும். மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போதுதான் சரக்கு குறைந்தது தெரியும் என்கிற இடத்தில், ஒரு வாரப் பதிவை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? அதனால்தான் இந்த எட்டை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மெகாபிக்சலை வைத்து இடத்தைக் கணிப்பதும் சரிவராது. ஒரே 2 மெகாபிக்சல் கேமராவை நொடிக்கு 1 மெகாபிட்டிலும் ஓட்டலாம், 4 மெகாபிட்டிலும் ஓட்டலாம். கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆரின் செட்டிங்கில் பிட் ரேட் (நொடிக்கு எத்தனை பிட்) எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

அடுத்தது ஆயிரமா, 1024ஆ என்ற குழப்பம். 1 டிபி என்று வாங்கிய டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டால் 931 ஜிபிதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஃபார்மட் செய்ததில் போய்விட்டது என்பதும் சரியான காரணம் இல்லை. அதில் போவது கொஞ்சம்தான். டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், அவர்களுக்கு 1 டிபி என்பது ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதே பைட்டுகளை 1024ஆல் மூன்று முறை வகுத்துவிட்டு ஜிபி என்றே போடுகிறது. 1024 கணக்குக்கு கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் என்று 1998இலேயே தனிப்பெயர் வைத்தாயிற்று. ஆனாலும் விண்டோஸ் திரையில் பழைய பெயர்தான். ஆப்பிள் 2009 முதல் மேக்கில் ஆயிரக் கணக்குக்கு மாறிவிட்டது, அதனால் ஒரே டிஸ்க் இரண்டு கம்ப்யூட்டரில் இரண்டு அளவு காட்டும். அலகு பெருகப் பெருக இடைவெளியும் கூடும்: கேபியில் 2.4 சதவீதம், ஜிபியில் 7.4, டிபியில் கிட்டத்தட்ட 10.

எந்த முறையில் வேண்டுமானாலும் கணக்குப் போடுங்கள், ஆனால் ஒரே கணக்கில் இரண்டையும் கலக்காதீர்கள். விண்டோஸ் காட்டும் 931ஐ, எட்டு கேமராவுக்கும் சேர்த்து நாளுக்கு மேலே சொன்ன 172.8ஆல் வகுத்தால் 5.4 நாள் வரும். உண்மையில் அந்த டிஸ்க் 5.8 நாள் தாங்கும்.

இண்டர்நெட் வேகமும் பிட் கணக்குதான். ஈரோட்டில் ஒரு கல்யாண வீடியோக்காரர் 50 ஜிபி ஃபைலை எடிட்டருக்கு அனுப்ப வேண்டும், அப்லோடு வேகம் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்றால் எட்டு நிமிடத்தில் போய்விடும் என்று நினைக்கக்கூடும். நொடிக்கு 12.5 மெகாபைட்தான் போகும். முழு வேகம் கிடைத்தாலே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அப்புறம், ஆன்லைன் விண்ணப்பத்தில் போட்டோ 200 கேபிக்குள் இருக்க வேண்டும் என்றால், விண்டோஸில் 195 கேபிக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்ளுங்கள். அது 1,99,680 பைட், இரண்டு கணக்கிலும் வரம்புக்குள் அடங்கும்.